மதுக்கடை யார் கையில் இருந்தால் போத்தல் மலியும்?

கேள்வி இது: "சென்னையில் இருக்கும் உறவினர், தமிழ்நாட்டில் அரசே மதுக்கடை நடத்துவதால் கோடி கோடியாக வருமானம் வருகிறது, நீங்கள்தான் கடைகளைத் தனியாரிடம் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்கிறார். டொரொன்டோவில் இருக்கும் மச்சானோ, அரசு கடையை விட்டு விலகினால்தான் போட்டி வரும், விலை இறங்கும் என்கிறார். கிளிநொச்சியில் இருந்துகொண்டு இருவரில் யாரை நம்புவது? நமது பக்கத்தில் புதிதாகத் திறந்த கடைகளால் விலைக்கும் வரிக்கும் என்ன நடந்தது? கூட்டுறவுச் சங்கங்களிடம் கொடுத்தால் நல்லதா?"

இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சுருக்கமாகப் பதில் வேண்டுமானால் இவ்வளவுதான்: சில்லறைக் கடை தனியார் கைக்குப் போனதால் மட்டும் விலை இறங்குவது அரிது, ஏறிய இடங்கள் உண்டு. வரி வருமானம் நிற்பதும் சரிவதும் வரியை எந்த இடத்தில், எதன் மீது வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கடைக்காரர் அரசா தனியாரா என்பது அதற்குப் பிறகு வரும் சங்கதி. நான் கூட்டுறவுப் பரிசோதகராக இருந்தவன். தவறணை என்ற கூட்டுறவுக் கள்ளுக்கடைகளின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிய பழக்கத்தில், வாதத்தை விட்டுவிட்டுக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு முழுப் போத்தல் சாராயத்தை எடுத்து மேசையில் வையுங்கள். 750 மில்லிலீற்றர். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூய மதுசாரம், அதாவது கால் லீற்றர். இலங்கையில் சாராயத்துக்கான மதுவரித் தீர்வை இந்தத் தூய மதுசாரத்தின் லீற்றர் அளவில் விதிக்கப்படுகிறது. போத்தலைக் கடைக்காரர் என்ன விலைக்கு விற்கிறார் என்று தீர்வை கேட்பதில்லை. அதைக் கட்டுபவர் உற்பத்தியாளர். போத்தலில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு ஸ்டிக்கர், இந்தச் சரக்கு கணக்கில் வந்தது என்பதற்கான அடையாளம். தீர்வைக்கு மேலே பெறுமதி சேர் வரி, அதாவது வற். அது 2024 ஜனவரி முதல் 18 வீதம்.

வெறும் உதாரணமாக, போத்தலின் விலை 4,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் ஒளிந்திருக்கும் வற் வரி 610 ரூபா. தீர்வை 1,700 என்று போடுங்கள். மிச்சம் 1,690. ஸ்பிரிட், வெறும் போத்தல், மூடி, லேபல், லொறிக்கூலி, உற்பத்தியாளரின் லாபம், எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். கடைசியில் கடைக்காரருக்கு ஒரு 200 ரூபா என்று கொடுத்துப் பாருங்கள். கடைகளுக்குள் கடும் போட்டி மூண்டு அந்த இருநூறு நூறாகக் குறைந்தாலும் குடிப்பவருக்கு மிச்சமாவது நாற்பதில் ஒரு பங்கு. அரசே கடையை எடுத்து அந்த இருநூறையும் தன் பெட்டியில் போட்டுக்கொண்டாலும், வாடகை, மின்சாரம், சம்பளம், ஓய்வூதியம், இருப்பெடுப்பில் குறைந்துபோன போத்தல்கள் என்று எல்லாம் அதிலிருந்துதான் கழிய வேண்டும். உண்மையான எண்கள் மாதத்துக்கு மாதம், வகைக்கு வகை வேறுபடும். ஆனால் கடைக்காரரின் பங்கு சிறியது, வரியின் பங்கு பெரியது என்ற அமைப்பு மாறாது. அரசா தனியாரா என்று நாம் அடித்துக்கொள்வதெல்லாம் அந்தச் சிறிய பங்குக்காகத்தான்.

அப்படியானால் வெளிநாடுகளில் கடை கைமாறியபோது விலை ஏன் அசைந்தது? அங்கே பல இடங்களில் அரசு வைத்த கடை லாபமே பாதி வரியாக இருந்தது. கடையை விட்டபோது அந்த லாபத்தை வேறு பெயரில் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. இதற்கு அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தைவிடத் துலக்கமான உதாரணம் கிடைக்காது.

அங்கே கடும் மதுவை மாநில அரசே கொள்முதல் செய்து, 51.9 வீதம் மேலே வைத்து, தன் கடைகளிலும் தான் ஒப்பந்தம் செய்த கடைகளிலும் விற்றது. எல்லாமாக 330 கடைகள்கூட இல்லை. 2011 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு. கொஸ்ட்கோ என்ற பெருங்கடை நிறுவனம் அரசுக் கடைகளை மூட வைக்கும் பக்கத்துக்காக 2 கோடி டொலருக்கு மேல் செலவழித்தது. வாக்கெடுப்பு வென்றது. 2012 ஜூன் 1 முதல் சுப்பர்மார்க்கெட்டுகள் விஸ்கி விற்கத் தொடங்கின. விற்கும் இடங்கள் 1,400ஐத் தாண்டின. போட்டி வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அதே சட்டத்தில், மாநிலம் இழக்கப்போகும் லாபத்துக்குப் பதிலாகச் சில்லறை விற்பனையில் 17 வீதக் கட்டணமும் மொத்த விநியோகத்தில் 10 வீதக் கட்டணமும் எழுதப்பட்டிருந்தன. பழைய வரிகள், அதாவது விலையில் 20.5 வீதமும் லீற்றருக்கு 3.77 டொலரும், அப்படியே நின்றன. இவற்றின் மேல் விநியோகஸ்தர் தன் லாபத்தை வைத்தார், கடைக்காரர் தன் லாபத்தை வைத்தார். முன்பு ஒரே கை எடுத்த இடத்தில் இப்போது மூன்று கைகள். பின்னால் வந்த ஆய்வு ஒன்றில், 750 மில்லிலீற்றர் போத்தலின் சராசரி விலை 15 வீதத்துக்கு மேல் ஏறியிருந்தது; 1.75 லீற்றர் பெரிய போத்தல் 5 வீதத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஏறியிருந்தது. முதல் வாரங்களில் தட்டில் வரி சேர்க்காத விலையைப் பார்த்து எடுத்தவர்கள், காசு கட்டும் இடத்தில் திகைத்துப் போனார்கள். எல்லையோரத்தில் இருந்தவர்கள் பக்கத்து மாநிலங்களான ஒரிகனுக்கும் ஐடஹோவுக்கும் காரை விட்டார்கள். மாநிலத்தின் வருமானமோ விழவில்லை. விழாதபடி முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த இரண்டு ஏற்றங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும் நினைவில் வையுங்கள்: சின்னப் போத்தல் வாங்கியவர் மீது விழுந்த அடி பெரியது. வன்னிக்கு வரும்போது இது தேவைப்படும்.

மச்சானின் நாட்டில் நடந்தது வேறு விதம். கனடாவின் அல்பேர்ட்டா மாகாணம் 1993 செப்டெம்பரில் அறிவித்து, 1994 மார்ச்சுக்குள் தன் மதுக்கடைகள் எல்லாவற்றையும் தனியாருக்கு விட்டது. அப்போது 200 அளவில் இருந்த கடைகள் பின்னாளில் 1,000ஐத் தாண்டின. ஆனால் மொத்த விற்பனையை அரசு விடவில்லை. மாகாணத்துக்குள் வரும் ஒவ்வொரு போத்தலும் அரசின் கணக்கு வழியாகவே போனது. விலையில் இத்தனை வீதம் என்றிருந்த பங்கை லீற்றருக்கு இவ்வளவு என்று மாற்றிக்கொண்டார்கள். கடைக்காரர்கள் தங்களுக்குள் விலையைக் குறைத்துப் போட்டியிட்டாலும் அரசின் பங்கில் ஒரு சதமும் குறையாது. போட்டியின் செலவைக் கடைக்காரர்களும் கடை ஊழியர்களுமே சுமந்தார்கள். தொழிற்சங்கச் சம்பளத்தில் இருந்தவர்களின் இடத்துக்குக் குறைந்த சம்பளத்தில் ஆட்கள் வந்தார்கள். விலை பெரிதாக விழவும் இல்லை. ஒரு கடை விற்ற சரக்கை ஐந்து கடைகள் பங்கிட்டு விற்றால் ஐந்து வாடகை, ஐந்து மின்கட்டணம். தெரிவு கூடியது, தூரம் குறைந்தது. டொரொன்டோ இருக்கும் ஒன்ராறியோவில் 2024 செப்டெம்பர் முதல் மூலைக் கடைகளிலும் பியரும் வைனும் விற்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். அங்கேயும் மொத்த விற்பனை அரசிடம்தான். விஸ்கி வேண்டுமென்றால் மச்சான் இன்னும் அரசுக் கடைக்குத்தான் போக வேண்டும்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை அளக்க வேண்டியவன் அது வெளியேறும் துருசில் நிற்பான், வயல் வயலாக ஓடமாட்டான். அல்பேர்ட்டாக்காரர் செய்தது அதைத்தான்.

இனிச் சென்னை உறவினர். தமிழ்நாட்டில் டாஸ்மாக் என்ற அரசு நிறுவனம் 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. சில்லறைக் கடைகளை 2003 நவம்பர் 29 முதல் எடுத்துக்கொண்டது. 2024-25 நிதியாண்டில் இந்த வழியாக மாநிலத்துக்கு வந்தது 48,000 கோடி இந்திய ரூபாவுக்கு மேல். எண்ணைக் கேட்டால் மூச்சு முட்டத்தான் செய்யும். ஆனால் அது ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்த தொகை. கடை நடத்திய லாபம் என்று அதைச் சொல்ல முடியாது. அதே வரியை அதே கண்டிப்புடன் தனியார் கடையில் விற்கும் போத்தலிலும் வாங்க முடியும். 2003க்கு முன் தனியார் கையில் இருந்தபோது உரிமம் எடுத்தவர்கள் கூட்டுச் சேர்ந்து ஏலத்தை அமுக்கியதும், கணக்கில் வராத சரக்கு ஓடியதும் பெரிய ஓட்டைகளாக இருந்தன. அரசு கடையை எடுத்ததால் அந்த ஓட்டைகள் அடைபட்டன என்பது உண்மை. அதன்பின் வந்த வளர்ச்சியில் பெரும்பகுதி அடிக்கடி ஏறிய தீர்வையாலும், மக்களின் கையில் புழங்கிய பணத்தாலும், கூடக் குடித்ததாலும் வந்தது. விலை விஷயத்திலும் அரசுக் கடை என்பது உத்தரவாதம் இல்லை. அச்சிட்ட விலைக்கு மேல் போத்தலுக்குப் பத்து ரூபா வாங்குகிறார்கள் என்பது அங்கே ஓயாத புகார்.

உறவினரிடம் டெல்லியைப் பற்றிக் கேளுங்கள். 2021 நவம்பர் 17 முதல் டெல்லி அரசு சில்லறைக் கடைகளிலிருந்து முற்றாக வெளியேறியது. 849 கடைகள், 32 வலயங்கள். இதுவரை சொன்ன இடங்களில் இங்கே மட்டும் விலை நிஜமாகவே விழுந்தது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று பலகை போட்டார்கள், கடை வாசலில் வரிசை தெருவை அடைத்தது. காரணத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். தீர்வையையும் மதிப்புக் கூட்டு வரியையும் தலா ஒரு வீதமாகக் குறைத்துவிட்டு, வழக்கமாக வரவேண்டிய வரியை உரிமக் கட்டணமாக முன்கூட்டியே மொத்தத் தொகையாக வாங்கும் திட்டம் அது. மொத்தத் தொகையைக் கட்டிய கடைக்காரருக்கு அடுத்த போத்தலுக்கு வரி என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. கட்டிய பணத்தை எடுக்க வேண்டும், ஆகவே எவ்வளவு முடியுமோ அவ்வளவு விற்க வேண்டும். பெரிய கைகள் தள்ளுபடி கொடுத்தன, தாங்க முடியாதவர்கள் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவர்கள் விட்டுப்போன வலயங்களில் அரசுக்குக் கட்டணம் வரவில்லை. 2022 ஓகஸ்ட் 31உடன் திட்டம் முடிந்தது, அரசுக் கடைகள் திரும்பி வந்தன. கணக்காய்வாளர் அறிக்கை 2025 பெப்ரவரியில் சட்டசபையில் வைக்கப்பட்டபோது, இழப்பு 2,000 கோடி ரூபாவுக்கு மேல் என்று அதில் இருந்தது. அதையொட்டிய வழக்குகளும் கைதுகளும் வேறு கதை, அதற்குள் நான் போகவில்லை.

ஆந்திரப் பிரதேசம் இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்தது. 2019இல் அரசு கடைகளை எடுத்தது, விலையை ஏற்றியது. பழகிய பெயர்கள் மறைந்து, யாரும் கேள்விப்படாத பெயர்கள் தட்டில் வந்தன. 2024 ஒக்டோபரில் மீண்டும் தனியார்: 3,396 கடைகளுக்குக் குலுக்கல், விண்ணப்பத்துக்கு இரண்டு இலட்சம், கிடைக்காவிட்டாலும் திருப்பித் தரப்படாது. ஏறக்குறைய 90,000 விண்ணப்பங்கள் வந்தன. கடைக் கதவு திறக்கும் முன்பே அரசுக்கு 1,800 கோடி ரூபா அளவில் கிடைத்தது. கூடவே 99 ரூபாவுக்குக் கால் போத்தல் என்றும் அறிவித்தார்கள். அந்த 99 ரூபா போட்டியால் வந்த விலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேர்தல் வாக்குறுதி கொடுத்த அரசு தானே தீர்மானித்த விலை அது.

முன்பணம் வாங்கிக்கொண்டு விற்கும் உரிமையைக் கொடுப்பது இலங்கைக்குப் புதிதும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசு சாராயக் குத்தகையை மாவட்டம் மாவட்டமாக ஏலம் விட்டது. எடுத்தவர் அரசுக்குத் தொகையைக் கட்டிவிட்டு, தவறணைகளை உள்வாடகைக்கு விட்டு, தண்ணீர் கலந்து, அளவைக் குறைத்து, போட்டதை எடுத்தார். தென்னிலங்கையின் பெரும் செல்வக் குடும்பங்கள் சிலவற்றின் முதல் மூலதனம் அங்கிருந்துதான் வந்தது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தோடு முறை மாறியது. இன்றைய மதுவரித் திணைக்களம் அந்தச் சட்டத்தின் பிள்ளை. பிறகு அரசே வடிசாலைக் கூட்டுத்தாபனம் வைத்துச் சாராயம் உற்பத்தி செய்தது. 1992இல் அது தனியார் கைக்குப் போனது. ஆகவே இலங்கையில் பெரிய தனியார்மயம் நடந்த இடம் தொழிற்சாலை. அதனால் லாபம் பங்குதாரர்களிடம் போனது, தீர்வை திறைசேரிக்குத் தொடர்ந்து வந்தது. சாராயத்தின் தீர்வை வடிசாலை வாசலில் வாங்கப்படுவதால், ஒழுக்கு இருந்தால் அதுவும் பெரும்பாலும் அங்கேதான். தீர்வை நிலுவை வைத்த உற்பத்தியாளர்கள், போலி ஸ்டிக்கர் ஒட்டிய போத்தல்கள் என்று பாராளுமன்றத்தில் பலமுறை எழுந்த விவகாரங்கள் எல்லாம் கடை மேசைக்கு மிகவும் முந்திய இடத்தில் நடப்பவை. கடைக்காரர் பற்றுச்சீட்டுப் போடாமல் ஏமாற்றினாலும், பதுக்க முடிவது அவருடைய பங்கின் மீதான வரியை மட்டும்தான்.

இனி கிளிநொச்சியும் அடங்கிய வன்னி. (தேர்தல் வரைபடத்தில் கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். மதுவுக்கு அந்த எல்லை கிடையாது.)

2024இல் நாடு முழுவதும் 300க்கு மேற்பட்ட புதிய மதுபான அனுமதிப்பத்திரங்கள் கொடுக்கப்பட்ட விவரம் அந்த ஆண்டின் கடைசியில் பாராளுமன்றத்தில் வெளிவந்தது. வட மாகாணத்துக்கு வந்தவற்றில் கிளிநொச்சியின் பங்கு பலருடைய புருவத்தை உயர்த்தியது. யார் சிபாரிசு செய்தார்கள், யார் பெயரில் எடுத்து யாருக்குக் கைமாறியது என்பதே பேச்சாக இருந்தது. பேச வேண்டிய பேச்சுத்தான். ஆனால் விலையைப் பற்றி அதிலிருந்து ஒன்று தெரிகிறது. அனுமதிப்பத்திரத்தின் எண்ணிக்கையை அரசு கட்டுப்படுத்தி, அதை ஏலமும் இல்லாமல் குலுக்கலும் இல்லாமல் தயவால் கொடுத்தால், கடை தனியாருடையது என்று பெயர் இருக்கும், போட்டி இருக்காது. மேலே சொன்ன 200 ரூபாக் கணக்கில், நாளுக்கு 200 போத்தல் ஓடும் கடைக்கு மொத்த வரவு 40,000 ரூபா. அந்தப் பத்திரத்துக்காக மனிதர் ஏன் அமைச்சு வாசலில் நிற்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. ஆந்திரா அந்தப் பெறுமதியில் ஒரு பகுதியையாவது குலுக்கலுக்கு முன் அரசுக்கு எடுத்துக்கொண்டது. தயவால் கொடுக்கும் இடத்தில் அந்தப் பெறுமதி பத்திரம் பெற்றவரின் பையிலேயே தங்கிவிடுகிறது.

புதிய கடைகளால் போத்தலின் விலை குறைந்ததா என்றால், அச்சிட்ட விலை குறையவில்லை. கொழும்பில் என்ன விலையோ ஏ9 வீதிக் கடையிலும் அதே விலைதான், உற்பத்தியாளர் தீர்மானித்தது. குறைந்தது வேறொரு விலை. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, துணுக்காய்க்கு அப்பால் இருக்கும் குடியேற்றத் திட்டங்களில் ஒரு போத்தலின் உண்மையான விலை கடை விலையோடு நிற்பதில்லை. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல், போய்வரும் நேரம், அல்லது ஊருக்குள் பத்துப் போத்தல் வாங்கி வைத்து இரவிலும் கடை பூட்டியிருக்கும் போயா (பௌர்ணமி) தினத்திலும் விற்பவர் வைக்கும் மேலதிகம். கடை கிட்ட வந்தால் இந்த மேலதிகம் கரைகிறது. வொஷிங்டனிலும் அல்பேர்ட்டாவிலும் தனியார்மயத்தின் நிச்சயமான பலன் இதுதான்: அச்சிட்ட விலை எப்படியிருந்தாலும் தூரம் குறைந்தது. வீதிக்கு இறங்கிய பெண்கள் அமைப்புகள் புதிய கடையை எதிர்த்தது இந்தத் தூரம் குறைவதைத்தான். காலபோக நெல் விற்ற காசு வீட்டுக்கு வரும் வழியில் கடை இருக்கிறதா இல்லையா என்பது அவர்களுக்குப் பொருளாதாரப் பாடம் இல்லை, அடுப்பில் உலை வைக்கும் கணக்கு.

இங்கே பெரும்பாலான கைகள் நீள்வது கால் போத்தலுக்கு. 180 மில்லிலீற்றர். முழுப் போத்தலின் விலையை நாலாகப் பிரித்துப் பார்த்தால் கால் போத்தலின் விலை அதற்குச் சற்று மேலே நிற்கும், போத்தலுக்கும் மூடிக்கும் லேபலுக்கும் ஆகும் செலவு சின்னதில் விகிதப்படி அதிகம். அன்றாடக் கூலிக்காரர் முழுப் போத்தலுக்கு ஒருநாளும் காசு சேர்க்க மாட்டார், சேர்ந்தாலும் வேறு தேவை முந்திவிடும். ஆகவே ஒரே மதுசாரத்துக்கு அவர்தான் அதிகம் கொடுக்கிறார். வொஷிங்டனில் சின்னப் போத்தலுக்கு நடந்தது இங்கே யாரும் தனியார்மயமாக்காமலேயே நடந்துகொண்டிருக்கிறது.

கால் போத்தலும் எட்டாதபோது என்ன? கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம். சீனியும் ஈஸ்ட்டும் போட்டுப் புளிக்க வைத்த கோடாப் பரல், காட்டோரத்தில் ஓர் அடுப்பு. தீர்வையும் இல்லை, வற்றும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. 2023 ஜனவரியிலும் 2024 ஜனவரியிலும் தீர்வை ஏறியது, இரண்டாவது முறை வற் வரியும் கூடவே ஏறியது. 2024இல் மதுவரித் திணைக்களத்தின் வருமானம் 200 பில்லியன் ரூபாவைத் தாண்டியது. திறைசேரியின் பக்கத்திலிருந்து பார்த்தால் வெற்றி. ஆனால் தீர்வை ஏறியதும் சட்டபூர்வ மதுவின் விற்பனை அளவு சுருங்கியது, விட்ட இடத்தில் ஒரு பகுதியைக் கசிப்பு பிடித்தது. வன்னியில் மதுக்கடையின் உண்மையான போட்டியாளர் எதிர்த் தெருவில் இருக்கும் இன்னொரு மதுக்கடை இல்லை. அதனால்தான் கடையை அரசு எடுத்தாலும் தனியார் எடுத்தாலும், தீர்வையை ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால் பணம் காட்டுக்குள் போய்விடுகிறது. அந்த அளவு எது என்பதைக் கொழும்பில் இருந்து நாடு முழுவதற்கும் ஒரே எண்ணாகத் தீர்மானிப்பதில்தான் கோளாறு. வசதியானவர்கள் வாழும் கொழும்பு ஏழில் ஒருவர் விலை கூடியதென்று சாராயத்தை விட்டுக் கசிப்புக்குப் போகமாட்டார்.

உங்கள் கடைசிக் கேள்வி, கூட்டுறவு. நான் அதிகம் பார்த்ததும் இதைத்தான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் கள்ளுத் தவறணைகள் அரசும் இல்லை, தனியாரும் இல்லை. காலையில் சீவல் தொழிலாளி சைக்கிளின் பின்னால் கானைக் கட்டிக்கொண்டு வருவார். முகாமையாளர் அளவுப் பாத்திரத்தில் ஊற்றி, நுரை அடங்கும்வரை நிற்பார். "நுரைக்கு நான் காசு தரமுடியாது" என்பார் இவர். "நுரையும் என்ரை பனையில் இருந்துதான் வந்தது, ஐயா" என்பார் அவர். அளவு புத்தகத்தில் ஏறும். சேமிப்பென்று ஒரு பிடித்தம் போக மிச்சம் கைக்கு வரும். மேசைக்கு இந்தப் பக்கம் குடிப்பவருக்கு விலை குறைவு, விற்றவருக்கும் இடைத்தரகர் இல்லை. கடைக்காரரின் பங்கு என்று நாம் தேடிய அந்தச் சிறிய துண்டு சங்கத்துக்குள்ளேயே சுற்றுகிறது. திறைசேரிக்குச் சாராயத்தோடு ஒப்பிட்டால் வருவது அற்பம். மலிவான விலையும் பெரிய வரியும் ஒரே போத்தலில் வராது என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் சாட்சி கிடையாது.

இதே முறையைச் சாராயக் கடைக்கும் போட்டால்? விலை மாறாது, ஏனென்றால் போத்தல் வடிசாலையிலிருந்து அதே தீர்வையோடுதான் வரும். வரியும் மாறாது, அதே காரணம். மாறுவது அந்த நாளுக்கு 40,000 ரூபா எங்கே போகிறது என்பது மட்டும். பத்திரம் எடுத்த ஒருவருடைய வீட்டுக்குப் போகாமல் சங்கத்தின் கணக்குக்கு வரும். அதில் பாலர் பாடசாலைக்குக் கூரை போடலாம். ஆனால் கடன் பிரிவும் நெல் கொள்வனவும் நொடிந்து கிடக்கும் சங்கத்தில் மதுக்கடை மட்டும் லாபம் காட்டினால், ஐந்து வருடத்தில் அந்தச் சங்கத்துக்கு மதுக்கடைதான் தொழிலாகிவிடும். சம்பளம் அதிலிருந்து வரத் தொடங்கிய பிறகு எந்த நிர்வாக சபை விற்பனையைக் குறைக்கச் சொல்லும்? தமிழ்நாட்டில் அரசே அந்த இடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறது. கடைகளை ஐந்நூறு ஐந்நூறாக மூடினார்கள், வருமானம் ஏறிக்கொண்டே போனது. என்னிடம் கேட்டால், கள்ளுத் தவறணையைச் சங்கம் வைத்துக்கொள்ளட்டும், சாராயக் கடை வேண்டாம்.

பத்திரக் கட்டணத்தைப் பற்றி ஒரு சொல். கட்டணத்தை ஏற்றினால் கடைக்காரர் அதைப் போத்தல் விலையில் வைத்துவிடுவார் என்று சிலர் பயப்படுகிறார்கள். விலை போத்தலில் அச்சிட்டிருக்கும்போது அது அவ்வளவு சுலபமில்லை. வருடத்துக்கு ஒருமுறை கட்டும் தொகை அடுத்த போத்தலின் செலவைக் கூட்டுவதில்லை, அவருடைய லாபத்தை மட்டும் கடிக்கிறது. ஆனால் கடி ஆழமானால் டெல்லிக் கடைக்காரர் செய்ததையே இவரும் செய்வார்: அதிகம் விற்கப் பார்ப்பார். இங்கே அதன் உருவம் தள்ளுபடிப் பலகையாக இருக்காது. போயா தினத்தில் பின்கதவு, கடை சாத்திய பின் யன்னல், ஊருக்குள் எடுத்துச் சென்று விற்பவருக்குப் பெட்டி பெட்டியாகச் சரக்கு. ஆகவே எண்ணிக்கைக்கு மாவட்ட அளவில் ஓர் உச்சம் வைத்து, அதற்குள் வெளிப்படையாக ஏலம் விட்டு, அந்த ஏலத் தொகையை நம்பி வரவு செலவுத் திட்டம் போடாமல், பிரதான வருமானத்தை லீற்றர் தீர்வையிலேயே வைத்திருப்பதுதான் நான் பார்த்த முறைகளில் சேதம் குறைந்தது.

அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால், எத்தனை கடை என்ற கேள்வியோடு நிற்காமல், மாவட்டத்திலுள்ள ஒவ்வொரு பத்திரத்துக்கும் மாதம் எத்தனை லீற்றர் சரக்கு இறங்கியது என்ற பட்டியலைக் கேளுங்கள். போத்தலுக்குப் போத்தல் ஸ்டிக்கர் ஒட்டும் முறை இருக்கும்போது அந்தக் கணக்கை எடுப்பது கடினமான வேலையல்ல. புதிய கடை திறந்த மாதங்களில் பழைய கடையின் லீற்றர் குறைந்திருந்தால், ஒரே குடியைக் கடைகள் பங்கிட்டிருக்கின்றன. குறையாமல் மொத்தம் ஏறியிருந்தால், கசிப்பு வழக்குகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காட்டில் இருந்தவர்கள் கடைக்கு வந்தார்களா, குடிக்காதிருந்தவர்கள் குடிக்கத் தொடங்கினார்களா என்பது அப்போது தெரிய ஆரம்பிக்கும்.